வீட்டுத் தொழிலுக்கு எந்தப் போன் ஏற்பாடு? சிம், ஃபைபர் லேண்ட்லைன், கிளவுட் எண், இன்டர்காம்: டெல்டாவுக்கு ஓர் ஒப்பீடு

வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்களுக்கு டெல்டாவில் அழைப்பு ஆண்டு முழுக்க ஒரே சீராக வராது. ஆடியில் போன் அமைதியாகக் கிடக்கும். ஆவணி பிறந்ததும் அடிக்கத் தொடங்கும். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரமும் தை, வைகாசி முகூர்த்தங்களும் வந்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் பத்து அழைப்பு வரும். அப்பளம், வடகம் போடுபவர், சீர் பலகாரம் செய்பவர், திருபுவனம் பட்டுப் புடவையை வீட்டில் வைத்தே விற்பவர், பிளவுஸுக்கு ஆரி வேலை செய்பவர், தஞ்சாவூர் ஓவியம் தீட்டுபவர் என யாருக்கும் இதே நிலைதான். ஆடியில் சும்மா கிடக்கும் ஏற்பாட்டுக்கு மாதாமாதம் பணம் கட்டவும் கூடாது, தையில் வரும் ஆர்டர் கைநழுவவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு வாரம் எண்ணுங்கள்

எதையும் வாங்கும் முன் ஒரு நோட்டை எடுத்து ஏழு நாள் எழுதுங்கள். எத்தனை அழைப்பு வந்தது, எந்த மணியில் வந்தது, சராசரியாக எத்தனை நிமிடம் பேசினீர்கள், எத்தனை தவறியது. தவறியதற்கான காரணத்தையும் பக்கத்தில் குறியுங்கள்: கை மாவாக இருந்ததா, வேறொருவரிடம் பேசிக்கொண்டிருந்தீர்களா, சிக்னல் இல்லையா, கரண்ட் இல்லையா. எந்தக் காரணம் முன்னால் நிற்கிறதோ அதற்கான மருந்தை வாங்கினால் போதும். கை மாவாக இருந்ததால் தவறும் அழைப்பை எந்தப் புதுக் கருவியும் எடுத்துவிடாது. அங்கே தேவைப்படுவது இன்னொரு ஆள் கையில் இன்னொரு போன்.

பேசிக்கொண்டிருக்கும்போது தவறுபவைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் 1917-ல் வெளியிட்ட கணக்கு அது. தொலைபேசி நிலையங்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றன. ஒரு நாளுக்கு 40 அழைப்பு, ஒவ்வொன்றும் 3 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 120 நிமிடப் பேச்சு. காலை 9 முதல் இரவு 7 வரை பரவலாக வந்தால் ஒரே எண், ஒரே போன் உள்ள வீட்டில் சுமார் ஆறு பேரில் ஒருவருக்கு லைன் கிடைக்காது. அதே 40 அழைப்பு மாலை 5 முதல் 8-க்குள் நெருக்கியடித்து வந்தால் ஐந்து பேரில் இரண்டு பேருக்குக் கிடைக்காது. அழைப்பு வந்துசேர இரண்டாவது லைன் ஒன்று திறந்துவிட்டால் அந்த நெருக்கடி நேரத்திலேயே அது எட்டில் ஒன்றாக இறங்கும். பரவலாக வரும் நாளில் நூற்றில் இரண்டு பேர்கூட இருக்கமாட்டார்கள். நிஜத்தில் நிலைமை இதைவிடக் கொஞ்சம் மோசம்தான், ஏனென்றால் கிடைக்காதவர் உடனே மறுபடி அடிப்பார், நெரிசல் கூடும்.

இந்தக் கணக்கைப் பார்த்தாலே ஒன்று விளங்கும். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவதுதான் பெரிய லாபம். மூன்று, நான்கு லைன் எல்லாம் ஒரு வீட்டுத் தொழிலுக்கு அநேகமாகத் தேவைப்படாது.

எண் உங்களுடையதா?

போன் மூன்று ஆண்டில் மாறிவிடும், எண் இருபது ஆண்டு நிற்க வேண்டும். பொட்டலம் போட்டு விற்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் எடையளவு விதிகளின்படி நுகர்வோர் புகாருக்கான தொடர்பு எண் லேபிளில் அச்சாக வேண்டும். எண் மாறினால் அச்சடித்த லேபிள் அத்தனையும் வீண். பிளெக்ஸ், பில் புத்தகம், பையில் அச்சடித்தது எல்லாம் அப்படியே.

இந்த இடத்தில் மொபைல் எண்ணுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. நிறுவனம் பிடிக்கவில்லையென்றால் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போகலாம். 2015 ஜூலையிலிருந்து நாடு முழுக்க இது நடைமுறையில் இருக்கிறது. 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிக் குறியீடு வாங்கினால், ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மூன்று வேலை நாட்களில் மாறிவிடும். ஆனால் இப்போதுள்ள நிறுவனத்தில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். டூப்ளிகேட் சிம் வாங்கியிருந்தால் அதிலிருந்து ஏழு நாள் கழிய வேண்டும். லேண்ட்லைன் எண்ணுக்கு இந்த வசதி இந்தியாவில் இல்லை. கும்பகோணத்து 0435 எண்ணை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது, 04362 உள்ள தஞ்சாவூருக்கு வீடு மாறினாலும் அது கூட வராது. கிளவுட் எண்ணில் (ஒரு நிறுவனம் இணையம் வழியாகச் சந்தாவுக்குத் தரும் எண்) இன்னும் கவனம் வேண்டும்: சந்தாவை நிறுத்திய நாளில் எண்ணும் போய்விடும்.

சிம் யார் பேரில் இருக்கிறது என்பதையும் இன்றே பாருங்கள். சிங்கப்பூர் போய்விட்ட தம்பி பேரிலோ, முன்பு வேலை பார்த்த பையன் பேரிலோ இருந்தால், சிம் தொலையும் நாளில் டூப்ளிகேட் வாங்க அவர்தான் ஆதாரோடு நேரில் வர வேண்டும். ஒருவர் பேரில் 9 சிம் வரை வைத்துக்கொள்ளலாம். எத்தனை இருக்கிறது என்று தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துக்கொள்ள முடியும்.

வங்கிக் கணக்கோடும் யுபிஐ-யோடும் இணைத்த எண்ணைத் தொழில் எண்ணாக வெளியில் கொடுக்காதீர்கள். தொழில் போனை வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள், உதவிக்கு வரும் பெண்ணும் எடுப்பார். ஓடிபி வரும் போன் அப்படிப் பலர் கையில் புழங்கக் கூடாது.

முதல் வழி: சொந்தப் போனிலேயே இரண்டாவது சிம்

செலவு மிகக் குறைவு. பேச்சுக்கு மட்டுமான திட்டங்கள் 2025 ஜனவரியிலிருந்து கிடைக்கின்றன. டேட்டா வேண்டாதவர் 84 நாளுக்கு 450, 470 ரூபாய் அளவில் முடித்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்புக்கு வீட்டு வைஃபை போதும்.

இதில் ஒளிந்திருக்கும் குறை பலருக்குத் தெரிவதில்லை. சாதாரண டூயல் சிம் போனில் பேச்சுக்கு ஒரே ஒரு ரேடியோதான். முதல் சிம்மில் உறவுக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது சிம் நெட்வொர்க்கின் கண்ணுக்கே தெரியாது. ஆர்டர் கொடுக்க அழைப்பவருக்கு ‘பிஸி’ என்றுகூட வராது; ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ அல்லது ‘சுவிட்ச் ஆஃப்’ என்று வரும். வாடிக்கையாளர் தொழிலையே நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வார். தவறிய அழைப்புப் பட்டியலிலும் அது விழாது என்பதால் இழந்தது உங்களுக்கே தெரியாமல் போகும்.

இதற்கு மருந்து அழைப்புத் திருப்புதல். தொழில் சிம்மின் கால் செட்டிங்ஸில் ‘எட்டாதபோது’ என்ற பிரிவில் வீட்டிலுள்ள இன்னொருவர் எண்ணைப் போடுங்கள். அந்த எண் வேறு நிறுவனத்துடையதாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு நிறுவனத்தின் கோபுரம் விழுந்தாலும் மற்றது இருக்கும். *401# வகைக் குறியீடு போட்டுத் திருப்பும் முறையை மோசடிகள் காரணமாகத் தொலைத்தொடர்புத் துறை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைத்தது. அதனால் போன் செட்டிங்ஸ் வழியாகவே செய்யுங்கள். யாராவது போன் செய்து ஒரு குறியீட்டை அழுத்தச் சொன்னால் அழுத்தவே வேண்டாம். திருப்பிய அழைப்பு உங்கள் கணக்கில் வெளிச்செல்லும் அழைப்பாகப் பதிவாகும் என்பதால், உங்கள் திட்டத்தில் அது அடக்கமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நாளுக்கு பத்து அழைப்புக்குக் குறைவாக வரும், தொழில் இப்போதுதான் தொடங்கிய வீட்டுக்கு இந்த வழி போதும். அதற்கு மேல் போனால் தாங்காது.

இரண்டாவது வழி: தொழிலுக்கென்றே தனிப் போன்

பெரும்பாலான வீட்டுத் தொழில்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். அலமாரியில் கிடக்கும் பழைய ஸ்மார்ட்போன் ஒன்றை எடுத்துத் தொழில் சிம்மை அதில் போடுங்கள். அது 4ஜி-யில் பேசும் வசதி (வோல்ட்இ) உள்ளதா என்று மட்டும் பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. வோல்ட்இ இல்லாத பழைய போனில் ஜியோ சிம் பேசவே பேசாது. பேட்டரி உப்பியிருந்தால் மாற்றிவிடுங்கள். எப்போதும் சார்ஜரில் செருகியே வைக்கப்போகும் போனுக்கு இது பாதுகாப்புக்கான விஷயம்.

போன் இருக்க வேண்டிய இடம் அடுப்படி மேடை கிடையாது. எண்ணெய்ப் புகையும் மாவுத் தூசியும் ஸ்பீக்கர் துளையையும் சார்ஜிங் வாயையும் ஆறே மாதத்தில் அடைத்துவிடும். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ள சுவரில், கண் மட்டத்தில், பக்கத்தில் நோட்டும் பேனாவும் தொங்கும்படி ஒரு பலகை அடியுங்கள். புளூடூத் இயர்போன் ஒன்று இருந்தால் கை மாவோடே பேசலாம்.

அடுத்தது சிக்னல். போனின் செட்டிங்ஸில் ‘போனைப் பற்றி’, ‘சிம் நிலை’ என்று போனால் சிக்னல் அளவு மைனஸ் எண்ணாக இருக்கும். மைனஸ் 90-க்குள் இருந்தால் நன்று. மைனஸ் 110-ஐத் தாண்டினால் பேச்சு வெட்டும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் இருக்கும் வீடுகளிலும், கும்பகோணத்தில் தெருவிலிருந்து கொல்லை வரை நீண்ட பழைய வீடுகளின் நடுக்கட்டிலும் இந்தப் பிரச்சினை சகஜம். இரண்டு, மூன்று நிறுவன சிம்மை அந்தப் பலகையிலேயே வைத்து அளந்து பாருங்கள். விளம்பரத்தைப் பார்த்தோ, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை வைத்தோ முடிவெடுக்க வேண்டாம். வீட்டில் வைஃபை இருந்தால் வைஃபை காலிங்கை இயக்கினால் போதும்; ஏர்டெல், ஜியோ இரண்டிலும் தனிக் கட்டணமில்லை. சிக்னல் பூஸ்டர் என்று கடையில் விற்கும் பெட்டியை வாங்கி மாட்டிவிடாதீர்கள். அனுமதியின்றி வைப்பது சட்டவிரோதம். தெருவில் உள்ள மற்ற எல்லாருடைய சிக்னலையும் அது கெடுக்கும்.

இரண்டாவது லைன் திறப்பது இப்படி. தொழில் சிம்மில் ‘பிஸியாக இருக்கும்போது’, ‘எடுக்காதபோது’, ‘எட்டாதபோது’ மூன்றையும் வீட்டிலுள்ள அடுத்தவர் எண்ணுக்குத் திருப்புங்கள். ஒரு சிறு விஷயம் இங்கே எல்லாரையும் தடுக்கும். கால் வெயிட்டிங் இயக்கத்தில் இருந்தால் ‘பிஸி’ என்ற நிலையே ஏற்படாது. இரண்டாவது அழைப்பு உங்கள் காதில் ‘பீப்’ அடித்துக்கொண்டே இருக்கும், அழைப்பவர் 20 விநாடி காத்த பிறகுதான் அடுத்த போனுக்குப் போகும். இரண்டாவது போனை எடுக்க ஆள் இருந்தால் கால் வெயிட்டிங்கை நிறுத்திவிடுங்கள். உடனே அங்கே மணி அடிக்கும். ஆள் இல்லாத வீட்டில் அதை இயக்கியே வையுங்கள், தவறிய அழைப்பாவது பதிவாகும். இரண்டாவது போனிலிருந்து மறுபடி தொழில் எண்ணுக்கே திருப்பிவிட்டால் அழைப்பு சுற்றிக்கொண்டு நிற்கும். ஒரு திசையில் மட்டும் செய்யுங்கள்.

எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இதன் செலவு ரீசார்ஜும் ஒரு பலகையும்தான். ரீசார்ஜ் மட்டும் தவறக் கூடாது. திட்டக் காலம் முடிந்த சில நாளில் உள்வரும் அழைப்பு நின்றுவிடும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லையென்றால் எண்ணே ரத்தாகி வேறொருவருக்குப் போகலாம். ஆடி மாதம் ஆர்டர் இல்லை என்று விட்டுவிட்டு ஆவணியில் விழித்தால் எண் இருக்காது. ஓராண்டுத் திட்டம் போட்டு, அது முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் பிசினஸ்: இதோடு சேர்ந்தது, இதற்குப் பதில் ஆகாது

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைத் தொழில் எண்ணில் போடுங்கள். ஒரே எண்ணைச் சாதாரண வாட்ஸ்அப்பிலும் இதிலும் ஒருசேர வைக்க முடியாது. இலவசம். நேரத்துக்கு வெளியே வருபவருக்குத் தானாகப் பதில் போகும், விலைப் பட்டியலைப் படத்தோடு வைக்கலாம், அடிக்கடி எழுதும் பதிலைச் சேமித்து வைத்து ஒரு தட்டில் அனுப்பலாம். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவில் இருந்துகொண்டு ஊர்க் கல்யாணத்துக்கு ஆர்டர் கொடுப்பவர் டெல்டாவில் ஏராளம். அவர்களுக்கு வாட்ஸ்அப்தான் வழி. உங்கள் எண்ணை அட்டையில் +91 சேர்த்தே அச்சிடுங்கள்.

குரலில் வந்த ஆர்டரைப் பேசி முடித்த கையோடு எழுத்தில் அனுப்பி ஒப்புதல் வாங்குவதுதான் இதன் பெரிய பயன். என்ன பலகாரம், எத்தனை, சீர்த் தட்டு 11-ஆ 21-ஆ, எந்த மண்டபம், எத்தனை மணிக்கு, முன்பணம் எவ்வளவு. ‘நூற்றெட்டு முறுக்கு’ என்று சொன்னது ‘நூற்றைம்பது’ என்று காதில் விழுந்த தகராறு இதில் முளைக்காது. குரல் பதிவாக வந்த ஆர்டருக்கும் இப்படியே செய்யுங்கள். ஆறு மாதம் கழித்துக் குரல் பதிவுக்குள் ஒரு எண்ணைத் தேடுவது பெரும்பாடு.

பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். அதனால் முதல் ஆர்டரிலேயே ‘எங்கள் எண்ணைச் சேமித்து வையுங்கள்’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத எண்களுக்கு மொத்தமாக அனுப்பினால் கணக்கு முடக்கப்படும், ஆர்டர் வரலாறு எல்லாம் அதோடு போகும். ஆறு இலக்க இரட்டைச் சரிபார்ப்பு எண்ணை இன்றே போட்டுவையுங்கள்.

லேண்ட்லைன் எண்ணிலும் வாட்ஸ்அப் பிசினஸ் தொடங்கலாம். சரிபார்ப்பு எண்ணைக் குரல் அழைப்பாகக் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, இத்தகைய செயலிகள் சிம் இருக்கும் கருவியோடு பிணைந்தே இயங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. புதிதாகத் தொடங்குபவர் சிம்மும் செயலியும் ஒரே போனில் இருக்கும்படி அமைத்துக்கொள்வது நல்லது. சிம்மைச் சாதாரண பட்டன் போனிலும் செயலியை டேப்லெட்டிலும் பிரித்து வைக்கும் பழைய ஏற்பாட்டை இனி நம்ப வேண்டாம்.

மூன்றாவது வழி: ஃபைபர் லேண்ட்லைன்

வீட்டுக்கு இணையம் ஏற்கெனவே ஃபைபரில் வருகிறதென்றால் லேண்ட்லைன் உங்களிடம் பாதி இருக்கிறது. பிஎஸ்என்எல், ஜியோ, ஏர்டெல் மூன்றுமே இணையத்தோடு பேச்சு இணைப்பையும் தருகின்றன. ஃபைபர் வந்து சேரும், சுவரில் உள்ள ஓஎன்டி பெட்டியின் பின்னால் போன் ஒயர் செருகும் சிறிய துளை இருக்கும். அதில் சாதாரண மேசைப் போனைச் செருகி, எண்ணை இயக்கச் சொன்னால் போதும். இணையத்துக்கு மாதம் கட்டும் நானூறு, ஐநூறு ரூபாயும் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் எப்படியும் போகிற காசு. பேச்சுக்குத் தனியாக எதுவும் இல்லை.

லேண்ட்லைனுக்கு இன்னும் ஒரு மதிப்பு இருக்கிறது. ஊர்க் குறியீட்டோடு 0435, 04364 என்று அட்டையில் பார்த்தால் நிலையான முகவரி உள்ள தொழில் என்று வயதில் பெரியவர்கள் நம்புகிறார்கள். பெரிய அட்வான்ஸ் வாங்கும் பட்டு, குத்துவிளக்கு, ஓவியத் தொழில்களுக்கு இது உதவும்.

ஆனால் பழைய செம்பு லைனோடு இதை ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. செம்பு ஒயரில் தொலைபேசி நிலையத்திலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் போன் பேசியது. ஃபைபர் என்பது கண்ணாடி இழை, மின்சாரம் கடத்தாது. வீட்டில் கரண்ட் போனால் ஓஎன்டி அணையும், போனும் அணையும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு என்றால் பெரும்பாலும் காலை 9 முதல் மாலை 5 வரை. ஒரு வேலை நாளே போய்விடும்.

ஓஎன்டி பெரும்பாலும் 12 வோல்ட், உண்மையில் 6 முதல் 8 வாட் எடுக்கும். கடையில் கிடைக்கும் மினி யுபிஎஸ்ஸில் 2000 எம்ஏஎச் செல் மூன்று இருந்தால் சுமார் 22 வாட்-மணி. இழப்பு போக இரண்டரை மணி நேரம் ஓடும். எட்டு மணி நேரம் வேண்டுமென்றால் சுமார் 70 வாட்-மணி தேவை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஓஎன்டி செருகும் பிளக்கை அந்த லைனுக்கு மாற்றச் சொல்வதே மலிவு. மினி யுபிஎஸ் வாங்கும்போது வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள்: 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால் கருகும். உங்கள் வீட்டில் பேட்டரி இருந்தும் போன் நின்றால், இணைப்புக் கொடுத்த கேபிள்காரர் இடத்தில் உள்ள கருவிக்கு பேக்கப் இல்லை என்று அர்த்தம். இணைப்பு வாங்கும் முன்பே ‘உங்கள் இடத்தில் கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் ஓடும்?’ என்று அவரைக் கேளுங்கள்.

இணைக்கும்போது இரண்டு விஷயத்தில் நிற்க வேண்டும். வீட்டில் பழைய செம்பு லைனின் ஒயரிங் இருந்தால், தெருக் கம்பத்திலிருந்து வரும் ஒயரை ரோசெட் பெட்டியில் (வெளி ஒயரும் உள் ஒயரும் சேரும் சிறு பெட்டி) கழற்றிவிட்டுத்தான் உள் ஒயரிங்கை ஓஎன்டியோடு சேர்க்க வேண்டும். இல்லையென்றால் ஐப்பசி இடி ஒன்று போதும், ஓஎன்டியின் போன் துளை செத்துவிடும். கம்பத்திலிருந்து வரும் ஃபைபர் ஒயரைத் தாங்க ஒரு இரும்புக் கம்பி கூடவே வரும். அதை வாசல் சுவரின் கொக்கியிலேயே வெட்டி நிறுத்திவிட்டு இழையை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள்.

2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு அழைக்க எண்ணுக்கு முன் 0 போட வேண்டும். போனில் சேமிக்கும் எண்களை அப்படியே சேமியுங்கள். வெளிநாட்டிலிருந்து உங்களை அழைப்பவருக்கோ இந்தச் சுழியம் கூடாது: +91-க்குப் பின் நேரே 435 என்று வர வேண்டும்.

இன்னொரு போன் வேண்டுமென்றால் ஒரு துளையிலேயே இரண்டு போனை இணையாகப் போடலாம். மூன்றைத் தாண்டினால் மணி பலவீனமாகும். இரண்டு கைப்பிடி உள்ள கார்ட்லெஸ் வாங்கினால் கொல்லைப்புறத்தில் வடகம் காயவைக்கும் இடத்திலும் எடுக்கலாம்.

டெல்டாவில் ஃபைபர் அறுபடும் காலம் இரண்டு. ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறக்கும் முன் வாய்க்கால் தூர்வாரும்போது கரையோரக் கேபிள் ஜேசிபி பல்லில் சிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மரம் சாய்ந்து மின்கம்பத்தோடு ஒயரும் இறங்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறியபோது மின்கம்பம், கேபிள், செல் கோபுரம் எல்லாம் சேர்ந்தே விழுந்தன. இதனால் ஃபைபர் லேண்ட்லைனை ஒரே எண்ணாக வைத்துக்கொள்ள நாங்கள் சொல்லமாட்டோம். மொபைல் எண்ணோடு சேர்த்து, இரண்டாவது லைனாக வைத்தால் அது அருமையான ஏற்பாடு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இன்னும் செம்பு லைன் வைத்திருப்பவர்களுக்கு உப்புக் காற்றில் இணைப்பு பச்சை பூத்து இரைச்சல் வரும். அங்கே ஃபைபருக்கு மாறுவதில் தயக்கம் வேண்டாம்.

நான்காவது வழி: கிளவுட் எண்

அழைப்பவர் ஒரு எண்ணுக்கு அடிப்பார். ‘ஆர்டருக்கு ஒன்றை அழுத்துங்கள்’ என்று குரல் வரும், பிறகு உங்கள் இரண்டு மூன்று மொபைலில் ஒன்றன்பின் ஒன்றாக மணி அடிக்கும். தவறியவை பட்டியலாக வரும், பேச்சு பதிவாகும், யார் எத்தனை எடுத்தார் என்று தெரியும். மூன்று பேருக்கு மேல் அழைப்பு எடுக்கும் தொழிலுக்கு, குறிப்பாக மாதம் நூற்றுக்கணக்கான பார்சல் அனுப்பும் வீட்டுக்கு இது உதவும். பதிவு செய்வதை அழைப்பவருக்குத் தெரிவித்துவிடுங்கள்.

ஆண்டு வாடகை ஆயிரக்கணக்கில், அதன் மேல் நிமிடக் கணக்கு. நீங்கள் அந்த எண்ணிலிருந்து வெளியே அழைத்தால், உங்கள் பக்கம் ஒரு அழைப்பு, அவர் பக்கம் ஒரு அழைப்பு என இரண்டுக்கும் கட்டணம் விழலாம். ஒப்பந்தத்தில் இந்த வரியைத் தேடிப் படியுங்கள். ஆதார், பான், உத்யம் (சிறுதொழில் பதிவு) அல்லது ஜிஎஸ்டி சான்று கேட்பார்கள். எதுவுமே கேட்காமல் எண் தருபவரிடம் வாங்க வேண்டாம். சிம் பெட்டி வைத்து அழைப்பைக் கடத்துபவர்கள் அப்படித்தான் தருவார்கள், அது குற்றம்.

நம் ஊரில் இதன் பெரிய பலவீனம் அந்த வரவேற்புக் குரல்தான். மடிசார் புடவைக்கோ அதிரசத்துக்கோ அழைக்கும் எழுபது வயது அம்மா, பதிவுக் குரல் கேட்டதும் ‘ராங் நம்பர்’ என்று வைத்துவிடுவார். எடுக்கத்தான் வேண்டும் என்றால் வரவேற்பை ஐந்து விநாடிக்குள், தமிழில், வீட்டு ஆளின் குரலில் பதிவு செய்யுங்கள். எதையும் அழுத்தாவிட்டாலும் நேரே மணி அடிக்கும்படி அமைக்கச் சொல்லுங்கள்.

1800 இலவச எண் விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு வரம்பற்ற பேச்சு எல்லாருக்கும் சகஜம். அழைப்பவருடைய காசை நீங்கள் கட்டுவதில் பயனில்லை.

ஐந்தாவது வழி: சின்ன இபிஏபிஎக்ஸ் (இன்டர்காம் பெட்டி)

வீடு முன்னால், தறிக்கூடமோ பட்டறையோ பின்னால், மாடியில் பேக்கிங் என்று பிரிந்திருக்கும் இடத்துக்கு மட்டும். ஒரு லைன், எட்டு இன்டர்காம் உள்ளதைக் கடைக்காரர்கள் ‘108’ என்றும், இரண்டு லைன் உள்ளதை ‘208’ என்றும் சொல்வார்கள். உள்ளே பேசுவதற்குச் செலவில்லை, வந்த அழைப்பை மாற்றிவிடலாம். ஆனால் முறையான எர்த்திங் இல்லாமல் மாட்டினால் முதல் மழைக்கால இடியில் கார்டு போகும். கொல்லை வழியாகத் திறந்தவெளியில் இழுத்த ஒயர் இருந்தால் நிச்சயம். அதற்கு சிம் போட்டு இயங்கும் பெட்டியை லைனாகக் கொடுப்பதாக இருந்தால் 4ஜி வோல்ட்இ உள்ளதா என்று கேளுங்கள். 2ஜி மட்டும் உள்ள மலிவு மாடல்கள் இன்னும் கடையில் கிடக்கின்றன. சத்தமாகக் கூப்பிட்டால் கேட்கும் தூரமுள்ள வீட்டுக்கு இது வீண் செலவு.

எதை எடுப்பது

தனி ஒருவர், நாளுக்குப் பத்து அழைப்புக்குள்: இரண்டாவது சிம், ‘எட்டாதபோது’ திருப்புதல். வீட்டில் இரண்டு பேர், முகூர்த்த மாதத்தில் நாற்பது வரை: தனிப் போன், வாட்ஸ்அப் பிசினஸ், மூன்று வகைத் திருப்புதலும். அதே வீட்டில் ஃபைபர் இருந்தால், அல்லது மொபைல் சிக்னல் மைனஸ் 110-ஐத் தாண்டினால், திருப்பும் இலக்காக லேண்ட்லைனைப் போட்டு ஓஎன்டியை இன்வெர்ட்டரில் சேருங்கள். அழைப்பு எடுக்கும் ஆள் மூன்றாகும்போது மட்டும் கிளவுட் எண்ணை யோசியுங்கள். அப்போதும் பழைய மொபைல் எண்ணை விடாமல் அதிலிருந்து கிளவுட் எண்ணுக்குத் திருப்புங்கள். சந்தா பிடிக்காமல் நிறுத்தினாலும் லேபிளில் உள்ள எண் உங்களிடமே இருக்கும்.

வாடிக்கையாளர் அல்லாதவர்களுக்குத் தொழில் எண்ணிலிருந்து விளம்பர அழைப்போ மொத்த எஸ்எம்எஸ்ஸோ எந்த ஏற்பாட்டிலும் செய்ய வேண்டாம். 1909-ல் புகார் போனால் இணைப்பே துண்டிக்கப்படலாம்.

எல்லாம் அமைத்த பிறகு மின்வாரியம் பராமரிப்பு அறிவித்த ஒரு நாளில் சோதித்துப் பாருங்கள். கரண்ட் போன பத்தாவது நிமிடம் வெளியூர் உறவினர் ஒருவரை அழைக்கச் சொல்லுங்கள். அதே நேரம் இன்னொருவரை அழைக்கச் சொல்லி, இரண்டாவது மணி எங்கே அடிக்கிறது, எத்தனை விநாடியில் அடிக்கிறது என்று பாருங்கள். மதியம் ஒரு முறை, மாலை நான்கு மணிக்கு ஒரு முறை. இறுதியாகத் தொழில் போனைச் சுவிட்ச் ஆஃப் செய்துவிட்டு மீண்டும் ஒரு முறை. ஐந்து அழைப்பும் யாராவது ஒருவர் கையில் வந்து சேர்ந்த பிறகு லேபிளை அச்சுக்குக் கொடுங்கள்.